சாவியக்காவின் வலிக்காத கண்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் மாடிப்படிக்கு அடியில் முக்கோணமாக மிஞ்சிய இடம்தான் சாவியக்காவின் கடை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்தால் தலைக்கு மேலே நாள் முழுக்கச் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். சுவரில் வெட்டாத சாவிகள் ஆணிக்கு ஐம்பதாகத் தொங்கும். மேசையில் சாவி வெட்ட ஒரு இயந்திரம், வெட்டிய சாவியின் பிசிறைத் தேய்க்க இன்னொன்று. அவ்வளவுதான் கடை. ஆனால் அந்தப் பக்கத்தில் சாவியக்காவைத் தெரியாதவர் என்றால் சொந்த வீட்டுக்குப் பூட்டே போடாதவராகத்தான் இருக்க வேண்டும்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு தற்செயல். கல்யாணமான புதிதில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் அட்டைப் பெட்டியில் பூட்டு அடுக்கும் வேலைக்குப் போனாள். அடுக்குகிற கை சும்மா இருக்குமா? இடைவேளையில் கழித்துப் போட்ட பூட்டுகளைப் பிரித்துப் பார்ப்பாள். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் நஷ்ட ஈடு கேட்டுக்கொண்டிருக்க, அவள் பழைய சாவி வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினான்கு வருடம். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறிக்கொண்டு வந்தால், “ஏன் இப்படிப் பதறுறீங்க? சாவிதானே தொலைஞ்சுது, பூட்டு அங்கேயேதானே இருக்கு?” என்பாள். வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

இப்படி ஊர் கதவையெல்லாம் திறந்துவிடுகிறவளுக்குத் தன் கண்ணில் நடந்தது தெரியாமல் போயிற்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவள் விஷயத்தில் அது கண்ணாகவே ஆகிவிட்டது.

முந்தின வருடம் அவளுக்கு அக்கி வந்திருந்தது. இடது பக்க நெற்றியில் தொடங்கி இமை வரை கொப்புளம். பத்து நாள் நெருப்பை அள்ளி அப்பினது மாதிரி எரிந்தது. பிறகு கொப்புளம் காய்ந்தது, தழும்பும் மங்கியது, அவளும் மறந்துவிட்டாள். ஒரே ஒரு வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவள் வீட்டு மேல் மாடியில் குடியிருந்த நாத்தனார்தான். துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வாய் திறக்க நேரம் கிடைக்கும்.

“அண்ணி, வெங்காயம் நறுக்கினா ஊருல எல்லாரும் ரெண்டு கண்ணுல அழுவாங்க. நீங்க மட்டும் என்ன, ஒரு கண்ணுல அழுறீங்க?”

“எங்கிட்ட எல்லாம் சிக்கனம்தான்” என்றாள் சாவியக்கா.

சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இடது கண் ரொம்பச் சாதுவாகிவிட்டது, தூசு விழுந்தாலும் உறுத்துவதில்லை, அக்கி வந்ததில் ஒரு நன்மை என்றுகூட அவள் நினைத்தாள்.

கோடையில் ஒரு நாள் தபால்காரப் பெண் தன் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்ட வந்தாள். சாவியை நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, உங்க கண்ணுல ஏதோ மினுங்குது.”

“ஆமா, எனக்கு எப்பவும் கண்ணு மினுங்கும்.”

“விளையாடாதீங்கக்கா. சிவந்து வேற கிடக்கு. ஓரத்துல ஏதோ குத்திக்கிட்டு இருக்கு.”

சாவியக்கா கடைக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். இடது கருவிழியின் ஓரத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பித்தளைத் துகள். இயந்திரத்திலிருந்து தெறித்திருக்க வேண்டும். இன்றைக்கா, நேற்றா, அதற்கு முந்தின நாளா? அவளுக்குத் தெரியவில்லை. வலியே இல்லை.

கண் மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டர் துகளை எடுத்துவிட்டு, கிருமி வராமல் இருக்கச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். “மேல்தோல்தான் கீறியிருக்கு. மூணு நாலு நாள்ல தானா மூடிக்கும். இனிமே கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பாருங்க.” நாலு நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. புண் மூடவில்லை. மூன்றாவது வாரம் அது பெரிதாகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியின் மேல் பால் துளி விழுந்தது போல ஒரு மங்கல். வலது கண்ணை மூடிக்கொண்டால் எதிரே இருக்கும் இயந்திரம்கூடப் புகையாகத்தான் தெரிந்தது.

அங்கிருந்து அவளைக் கருவிழி டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் பேச்சைக் குறைத்துக் கையை வேலை செய்யவிடுகிற ரகம். சாவியக்காவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. டாக்டரம்மா ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, நுனியை நூல் மாதிரித் திரித்து, அவளுடைய வலது கண்ணின் ஓரத்தைத் தொட்டார். தலை பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டது. அதே பஞ்சால் இடது கண்ணைத் தொட்டார். சாவியக்கா இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஆரம்பிங்க டாக்டர்” என்றாள்.

“தொட்டு முடிச்சாச்சும்மா.”

கூட வந்திருந்த கணவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முப்பது வருடத்தில் ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர். அதனாலேயோ என்னவோ, எதைக் கண்டாலும் பிரேக்கில் கால் வைக்கிற மனுஷன்.

“அக்கி வந்தப்போ இந்தக் கண்ணோட உணர்வு நரம்பு கெட்டுப்போயிருக்கு” என்றார் டாக்டரம்மா. “கருவிழி மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. உடம்புலயே நரம்பு நெருக்கமா இருக்கிற இடம் அதுதான். இப்போ உங்களுக்கு அங்க உணர்வே இல்ல.”

“வலிக்கலைன்னா நல்லதுதானே டாக்டர்?”

“அதுதான் இல்ல. நரம்பு வலியை மட்டும் சொல்லாது. அந்தப் படலத்துக்குச் சாப்பாடு மாதிரி சில பொருளையும் அதுதான் சுரந்து கொடுக்கும். நரம்பு செத்தா அந்தச் சாப்பாடு நின்னுபோயிடும். கீறல் விழுந்தா மூடணும்னு தோலுக்குத் தெரியாது. இப்படியே விட்டா புண்ணு உள்ள இறங்கி ஓட்டை போட்டுடும்.”

சாவியக்கா கேட்டாள், வாடிக்கையாளரிடம் கேட்பது போல நேரடியாக: “சரி, என்னென்ன வழி இருக்கு?”

“ரெண்டு. ஒண்ணு, இமையோட ஓரத்தைத் தைச்சுக் கண்ணைப் பாதி மூடி வைக்கலாம். காத்து, தூசு படாம மெதுவா ஆறும். இன்னொண்ணு, ஒரு சொட்டு மருந்து. நம்ம உடம்பே செய்யற ஒரு புரதம் அது. கண்ணீர்லகூடக் கொஞ்சம் இருக்கு. நரம்பு வளரவும் உயிரோட இருக்கவும் அதுதான் வேணும். அதையே ஆய்வுக்கூடத்துல தயாரிச்சுத் தர்றாங்க. தினம் ஆறு தடவை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரம். பெரும்பாலும் கேக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“சொட்டு மருந்தே போடுங்க. மூடிப் பூட்டுறது என் தொழில் இல்ல டாக்டர், திறக்கிறதுதான்.”

டாக்டரம்மா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். “எட்டு வாரத்துல மூடலைன்னா தைச்சுத்தான் ஆகணும். அப்போ இந்த வசனம் பேசக் கூடாது.”

“பேச மாட்டேன். அதுக்குத் தேவையும் வராது.”

அடுத்து ஒரு கட்டளை வந்தது. அதுதான் அவளுக்குத் தையலைவிடப் பெரிதாக வலித்தது. எட்டு வாரத்துக்கு இயந்திரப் பக்கம் போகக் கூடாது.

கடையை மூடலாம் என்றார் கணவர். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. பள்ளிப் பேருந்து காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மூன்றே காலுக்குத்தான் கிளம்பும். நடுவில் அவர் ஓட்டுநர் அறையில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது ஊரறிந்த ரகசியம்.

“அந்த நேரத்துக்குக் கடைக்கு வாங்க. நான் வெளியில படிக்கட்டுல உக்காந்து சொல்றேன், நீங்க உள்ள உக்காந்து வெட்டுங்க.”

“எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கத்தான் தெரியும்.”

“பெடல் இல்லாத வண்டின்னு நினைச்சுக்கோங்க.”

அவர் முதலில் வெட்டிய சாவி பார்க்க அழகாக இருந்தது. எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. இரண்டாவது, பூட்டுக்குள் போனது, வெளியே வர மறுத்தது. மூன்றாவது நாள் ஒரு சாவி கிளிக்கென்று திரும்பியபோது, மனுஷன் வண்டிக்கு லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட இப்படிப் பூரித்திருக்க மாட்டார். அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு போன பெரியவரைத் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு சின்னக் குப்பியை வெளியே எடுத்தால் அன்றைக்குள் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் புதுக் குழல். ஏழு மணிக்கு வீட்டில், ஒன்பது, பதினொன்று, ஒன்று ஆகிய மூன்று வேளையும் கடையில், மூன்று மணிக்குப் பள்ளி வாசலில், ஐந்துக்கு மறுபடி வீட்டில். நேரம் தவறாமல் ஓடுவதில் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கண்ணுக்கு உணர்வு கிடையாது அல்லவா, சொட்டு கண்ணில் விழுந்ததா கன்னத்தில் விழுந்ததா என்று அவளுக்கே தெரியாது. யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“கண்ணுலயா, காதுலயா?”

“கண்ணுலதான். கொஞ்சம் வாயை மூடு, வாய் அசைஞ்சா கண்ணும் அசையுது.”

மூன்று மணிக்கு மட்டும் அவர் பள்ளியில் இருப்பார். அதனால் சாவியக்கா கடையைச் சாத்திவிட்டு, பனிக்கட்டிப் பையும் குப்பியுமாகப் பள்ளி வாசலுக்குப் போய்விடுவாள். பேருந்தின் முதல் படியில் உட்கார்ந்து தலையை அண்ணாந்துகொள்வாள். அவர் குனிந்து சொட்டை விடுவார். சீக்கிரம் வந்துவிட்ட சின்னப் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். சொட்டு சரியாக விழுந்தால் “விழுந்தாச்சு!” என்று கூச்சல் கேட்கும். கன்னத்தில் வழிந்தால் “அவுட்டு!” என்று அதைவிடப் பெரிய கூச்சல் கேட்கும். அவர்களை ஏமாற்ற முடியாது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. டாக்டரம்மா கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் புண்ணை அளந்தார். நாலு மில்லிமீட்டர். வந்த அன்று எவ்வளவோ அவ்வளவேதான்.

“பெருசாகலை. அதுவே நல்ல விஷயம்” என்றார்.

பேருந்தில் திரும்பும்போது கணவர், “தையலே போட்டிருக்கலாமோ” என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“கெட்டுப்போன பூட்டை எடுத்தவுடனே உடைக்கிறவன் தொழில் தெரியாதவன். எட்டு வாரம்னு சொன்னாங்க. எட்டு வாரம் போடுவோம்.”

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை வரை கையில் இருந்த ஒரு பழைய பூட்டின் கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அது கணவருக்கும் தெரிந்தது.

நாலாவது வாரத்து மருந்தை வாங்கப் போன அன்று மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் ஒரே களேபரம். சொட்டு மருந்துகள் இருக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. காலையில் மருந்தாளர் அவசரத்தில் சாவியைத் திருகியதில் அது பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், அவருக்குப் பூட்டில் சாவி நுழைந்து மாட்டிக்கொண்டது. பாதிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற இருபது பேரிடமும், “நாளைக்கு வாங்க, கம்பெனியிலேர்ந்து ஆள் வரணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வரைக்கும் என் கண்ணு சாப்பிடாம இருக்காது சார். கொஞ்சம் நகருங்க” என்றாள் சாவியக்கா.

“நீங்க யாரும்மா?”

வரிசையிலிருந்து யாரோ, “அட, சாவியக்கா சார் அது! வழி விடுங்க!” என்றார்கள்.

பையில் உடைந்த ரம்பப் பிளேடின் மெல்லிய துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். இடது கண்ணுக்கு எல்லாம் புகை, வலது கண்ணுக்கு அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை. அவள் கண்ணையே மூடிக்கொண்டாள். பிளேடைச் சாவித்துண்டின் ஓரமாக உள்ளே விட்டாள். பல் எங்கே கவ்வுகிறது என்று விரல் நுனிக்குத் தெரியும். லேசாகத் திருப்பி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை முறிந்த துண்டு வெளியே வந்து தரையில் டிங்கென்று விழுந்தது. இரண்டு துண்டையும் பொருத்தி வைத்து அளவு பார்த்தாள். கடையில் இருந்த கணவருக்குத் தொலைபேசியில் சாவியின் எண்ணையும் ஒவ்வொரு பல்லின் ஆழத்தையும் சொன்னாள். அவர் இருபது நிமிடத்தில் புதுச் சாவியோடு வந்தார். பூட்டு திறந்தது. வரிசை கைதட்டியது. கணவர், தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து லேசாகக் குனிந்து வணங்கினார். பாதி உண்மைதான், அந்தச் சாவி அவர் வெட்டியது.

ஐந்தாவது வாரம், புதன்கிழமை, மூன்று மணி. பேருந்துப் படியில் அவள் அண்ணாந்தாள். சொட்டு விழுந்தது. “விழுந்தாச்சு!” என்று பிள்ளைகள் கத்துவதற்கு முன்பே சாவியக்கா அலறினாள்.

“ஆ!”

கணவர் குழலைக் கீழே போட்டுவிட்டார். “என்னாச்சு? குத்திட்டேனா? ஐயோ, கையைக் காட்டு, கண்ணைக் காட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்…”

அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பக்கத்தில் மண்டியிட்டார். நிமிர்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

“எரியுதுங்க. ஊசி குத்தற மாதிரி எரியுது.”

“எரியுதுன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறியே, உனக்குப் பைத்தியமா?”

“நீங்க என்ன, டாக்டர் சொன்னதை ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டீங்களா? எரியணுங்க. அதுக்குத்தானே இவ்வளவு நாள் ஊத்தினோம்!”

அவருக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறிய பிறகு எழுந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், ஜன்னலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்து, “அத்தைக்கு வலிக்குதுடா!” என்று சந்தோஷமாகக் கத்தினார். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கைதட்டி வைத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா பஞ்சு நுனியால் தொட்டபோது இடது இமை துடித்தது. வலது கண் அளவுக்கு இல்லை, ஆனாலும் துடித்தது. புண் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. “நரம்பு திரும்பி வருது. இனிமே கொஞ்ச நாள் எரியும், உறுத்தும். தாங்கிக்கணும்” என்றார்.

“நல்லா உறுத்தட்டும் டாக்டர். ஒரு வருஷப் பாக்கி.”

எட்டாவது வாரம் நீல வெளிச்சத்தில் சாயம் எங்கேயும் ஒட்டவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். பிறகு தன்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டு அவர்களையும் பார்க்கச் சொன்னார். புண் முழுக்க மூடியிருந்தது. அன்று சாயங்காலம் நாத்தனார் வேலையிலிருந்து நேரே வந்து, அண்ணியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, மறுபடியும் ரெண்டு கண்ணாலயும் என்னை முறைக்கலாம்” என்றாள். சொன்னவள் சட்டென்று அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படிக் கட்டிக்கொள்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. புண் ஆறிய இடத்தில் மெல்லிய வடு தங்கிவிட்டது. இடது கண்ணால் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கம் வருகிற ஆள் யாரென்று தெரியும். சாவியில் பொறித்த எண் தெரியாது. மழை நாளில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். இயந்திரத்தின் முன் உட்காரும்போது பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அவள் இருப்பதில்லை. கணவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஏனென்றால் எட்டு வாரம் முடிந்தும் அவர் கடையை விட்டுப் போகவில்லை. ஒன்பதிலிருந்து இரண்டரை வரை உள்ளே அவர்தான். கார்ச் சாவி என்றால் தானே வெட்ட வேண்டும் என்று சண்டை வேறு. அதனால் அக்கா பெரும்பாலும் வெளி வேலைக்குப் போகிறாள். வங்கி, பள்ளிக்கூடம், பூட்டிக்கொண்ட குளியலறை, எதுவானாலும்.

போன மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நரம்பு நல்லா பிடிச்சிருக்கு. இன்னும் தெளிவா தெரியணும்னு ஆசை இருந்தா, பின்னாடி ஒரு காலத்துல கருவிழி மாத்துற ஆபரேஷன் பத்திப் பேசலாம். அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

சாவியக்கா நாற்காலியை விட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இப்போ இருக்கிறது போதும் டாக்டர். இதை வச்சே நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துடறேன். குறையுதுன்னு தோணினா நானே வந்து நிப்பேன்.”

வெளியே வந்தபோது மணி பத்தரை. கைப்பேசியில் மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. மூன்றும் ஒரே எண். திருப்பிக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண், வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள், அழாத குறையாகப் பேசினாள்.

“பதறாதீங்க. எந்தத் தெரு, எத்தனாவது மாடின்னு மட்டும் சொல்லுங்க” என்றாள் சாவியக்கா, வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டே.